பல்லாவரத்துக் கல்லும் பல்லாரிப் பெருவெளியும்

செங்கற்பட்டில் பொதுக்கூட்டம். இரவு பத்து மணிக்கு முடித்துக்கொண்டோம். மறுநாள் காலை மாமல்லபுரத்துத் தோழர்கள் தங்கள் படிப்பகத்தில் பேச அழைத்திருந்தார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தோழர் தமது புல்லட்டுடன் வந்து நின்றார். ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். 1950-களில் திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட் உற்பத்திக்கு 2013 முதல் ஒரகடமும் ஒரு களம். தம் கையால் திருகு முடுக்கிய வண்டியிலே தாமே ஏறிச் செல்லும் பெருமிதம் அவர் முகத்தில் இருந்தது. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான்!

கடற்கரைக் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேநீர்க் கடை. அங்கே உட்கார்ந்ததும் தோழர் தாம் போன பயணத்தைச் சொன்னார். நண்பர்கள் நால்வர், வண்டிகள் நான்கு. வேலூர், சித்தூர், அனந்தப்பூர் தாண்டிப் பல்லாரி வரை போயிருக்கிறார்கள். மலைப்பாதை ஏறி மேட்டுநிலத்தை அடைந்த பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் ஊரில்லை, மரமில்லை. காய்ந்த புல்லும் கரிசல் மண்ணும், எங்கோ ஒரு குன்று, அதன் மேல் ஒரு பருந்து. எதிர்க்காற்று வண்டியையே பின்னுக்குத் தள்ளுகிறதாம். அண்ணே, அங்கே ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமில்லாமைதான் அழகு என்று வியந்தார்.

பிறகு சற்றுத் தயங்கி, ஒரு கேள்வி கேட்டார். முந்தின இரவு மேடையிலே நாம் முழங்கியிருந்தோம்: பல்லாவரத்தில் கிடைத்த கல்லைப் பார், அத்திரம்பாக்கத்துக் கோடரியைப் பார், பதினைந்து லட்சம் ஆண்டுகளாகத் தமிழன் இங்கே வாழ்கிறான் பார் என்று. கைதட்டல் கூரையைப் பிளந்தது. தோழர் அதைத்தான் கேட்டார். அந்தக் கல்லைச் செய்தவன் தமிழ் பேசினான் என்பதைக் கல் எப்படிச் சொல்லும்?

தேநீர் ஆறிப்போயிற்று. மேடையில் எத்தனையோ குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நமக்கு, அந்தப் பணிவான கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆகவே பதிலுக்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொன்னோம். அந்தக் கல்லை எடுத்தவரும் அவர்தான்; தோழர் கடந்து வந்த அந்தப் பெருவெளியைக் குதிரையில் கடந்தவரும் அவர்தான்.

இராபர்ட் புரூஸ் பூட் என்பது அவர் பெயர். இங்கிலாந்தில் செல்ட்டனம் நகரில் 1834-ல் பிறந்தார். 1858-ல், இருபத்து நான்கு வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அந்தத் துறையை வெள்ளை ஆட்சி எதற்காக ஏற்படுத்தியது? நம் பழமையைத் தேடவா? நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே, பொன் எங்கே என்று பார்த்துச் சொல்ல! அந்த வேலைக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். அவரும் அந்த வேலையைச் செய்தார். ஆனால் கண் மட்டும் வேறொன்றையும் தேடிக்கொண்டே இருந்தது.

அந்நாளில் ஐரோப்பாவில் ஒரு பெரும் சச்சரவு நடந்து முடிந்திருந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றங்கரைச் சரளைப் படிவில், அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு, மனிதன் செதுக்கிய கல்லும் சேர்ந்து கிடந்தது. உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டே ஆயிற்று என்று வேத நூலைக் காட்டி அடித்துச் சொன்னவர்கள் அதைப் பார்த்து நகைத்தார்கள். 1859-ல் இங்கிலாந்தின் அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி பூட்டின் காதுக்கும் எட்டியது. சோம் கரையில் கிடைத்தது பாலாற்றுப் பக்கம் ஏன் கிடைக்கக்கூடாது?

1863 மே 30. அக்கினி வெயில் தணியாத நாள். பல்லாவரம் இராணுவக் குடியிருப்புக்குப் பக்கத்தில், செம்மண் சரளை வெட்டியெடுத்த ஒரு சிறு பள்ளம். வெட்டிக் கொட்டிய கழிவில் ஒரு கல் கிடந்தது. இரண்டு பக்கமும் செதுக்கி, முனை கூராக்கி, கைக்குள் அடங்கும்படி செய்த கல். கைக்கோடரி! பழைய கற்கால மனிதனின் கைவேலை என்று இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது அதுதான்.

தோழர்களே, இங்கே ஒரு நொடி நிற்போம். பூட்டின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை வெட்டியவர் யார்? மண்வெட்டி பிடித்து, கூடை சுமந்து, அந்தக் கல்லைப் பூமிக்கு மேலே கொண்டுவந்து போட்டவர் எவரோ, அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கூலி கொடுத்திருப்பார்கள். அத்தோடு சரி.

அதே ஆண்டு செப்டம்பரில் பூட்டும் அவருடைய துறைத் தோழர் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பக்கம் போனார்கள். அத்திரம்பாக்கத்தில் கோடரிகள் ஒன்றிரண்டல்ல, குவியலாகவே கிடைத்தன. அந்த இடத்தை நம் காலத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் அடுக்கடுக்காக அகழ்ந்து, மிகப் பழைய அடுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையது என்று 2011-ல் உலகுக்கு அறிவித்தார்கள். மேடையில் நாம் முழங்கிய கணக்கு இதுதான். கணக்கில் பிழையில்லை. ஆனால் இன்று நாம் காணும் மனித இனமே தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அந்தக் கோடரியைச் செதுக்கியவன் நமக்கு முந்திய வேறொரு மனித வகை. அவனுக்கு என்ன பேச்சு இருந்தது, பேச்சு இருந்ததா என்பதையே கல் சொல்லாது. தோழர் கேட்ட கேள்விக்கு நாம் சொல்லக்கூடிய நேர்மையான பதில் அவ்வளவுதான். மேடையில் கைதட்டல் வாங்கியதைத் தேநீர்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பூட் அங்கேயே நின்றுவிடவில்லை. பாலாற்றுக்கு வடக்கே, இந்த மாமல்லபுரக் கரை உட்பட, நிலத்தை அளந்து பார்த்து எழுதினார். செடிகொடிகளின் பதிவு கல்லாகிக் கிடக்கும் திருப்பெரும்புதூர்ப் படிவுகளை ஆராய்ந்தார். நம் தோழர் வேலை செய்யும் ஒரகடம் இருப்பதும் அந்தத் திருப்பெரும்புதூர்ப் பக்கம்தான். இதைச் சொன்னதும் அவர் தம் செருப்படி மண்ணைக் குனிந்து பார்த்துக்கொண்டார்!

பிறகு வந்தது அந்தப் பெருவெளி. பெல்காம், தார்வார், பிஜப்பூர், ராய்ச்சூர், கர்நூல், பல்லாரி. மழைக்காலம் ஓய்ந்ததும் கிளம்பி, கோடை முற்றும் வரை வெளியிலேயே வாழ்க்கை. கூடாரமும் சாமானும் மாட்டு வண்டியில் முன்னே போகும். அதிகாரி குதிரையிலும் கால்நடையாகவும் பாறைக்குப் பாறை போவார். இன்று புல்லட் ஒரு மணியில் ஓடிக் கடக்கும் தூரத்துக்கு மாட்டு வண்டிக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்வதால் அந்த மேட்டுநிலத்துக்கு எஞ்சி வருவது கொஞ்சம். பல்லாரியில் ஆண்டுக்கு இருபது அங்குலம் பெய்தால் நல்ல மழை. மெல்லப் போனவர் கண்ணுக்குத்தான் அந்த வறண்ட தரை வாய் திறந்தது.

கோகாக் அருகே காண்டாமிருகத்தின் எலும்பு கிடைத்தது. காய்ந்த அந்த வெளியில் ஒரு காலத்தில் நீரும் நெடும்புல்லும் நிறைந்திருந்தன என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? மடிந்து மடிந்து கிடக்கும் பழம்பாறைகளைத் தனி இனமாகப் பிரித்துத் தார்வார்ப் பாறைகள் என்று பெயரிட்டார். அந்த வகைப் பாறைக்குள்தான் பொன் இருக்கிறது. கோலார் தங்க வயலில் நூறாண்டுக்கு மேல் பூமியின் வயிற்றுக்குள் இறங்கி வெந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் தமிழ்த் தொழிலாளர். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்றும் விடியற்காலை ரயிலேறி வேலைக்குப் பெங்களூர் போகிறார்கள். சண்டூர் மலைகளின் இரும்புத்தாது வளத்தையும் பூட் 1895-ல் வெளிவந்த பல்லாரி நூலில் எடுத்துரைத்தார். அந்தத் தாதுவை யார் யார் எப்படிச் சூறையாடினார்கள் என்பதையும், 2011-ல் உச்ச நீதிமன்றம் பல்லாரிச் சுரங்கங்களை நிறுத்தும் அளவுக்குப் போனதையும் நாடறியும்.

ஒன்றுமே இல்லை என்று தோழர் சொன்ன அந்த வெளி அப்படி ஆனதற்கு வானம் மட்டும் காரணமல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். பல்லாரியும் கர்நூலும் அதில் நெஞ்சுடைந்த மாவட்டங்கள். ஊர் ஊராக மக்கள் மடிந்தார்கள். அந்த நாளிலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அதே பஞ்சத்தில்தான் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து, பக்கிங்காம் கால்வாயின் நடுத்துண்டைப் பட்டினிக் கூலிகள் வெட்டினார்கள். அந்தக் கால்வாய் தெற்கே நீண்டு மாமல்லபுரத்துக்குப் பின்புறமாகத்தான் போகிறது. நாம் உட்கார்ந்திருந்த கடையிலிருந்து நடந்துபோய்ப் பார்க்கலாம்.

பல்லாரிப் பக்கத்தில் சாம்பல் மேடுகள் உண்டு. வெளியின் நடுவே திடீரென்று கிடக்கும் சாம்பல் குவியல். சில, வீட்டு உயரத்துக்கும் மேலே. ஊர்க் கதை என்ன? ஹம்பிக்குப் பக்கத்து மேடு வாலியை எரித்த சாம்பலாம்! வேறொரு மேடு ஓர் அரக்கனை எரித்ததாம்! நம்மைக் குரங்காகவும் அரக்கனாகவும் எழுதிவைத்தவர்கள், சாம்பலுக்குக்கூட அந்தக் கணக்கையே எழுதியிருக்கிறார்கள். பூட் கதையைக் கேட்டார். பிறகு சாம்பலைக் கிளறிப் பார்த்தார். மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல். கூடவே தீட்டிய கற்கோடரி, பானை ஓடு. மாடு வளர்த்த புதிய கற்கால மக்களின் பட்டியிருந்த இடம் என்றார். அறிஞர் சிலர் ஏற்கவில்லை. விசயநகரக் காலத்துச் சாம்பல் என்று மறுத்தவரும் உண்டு. பூட் மறைந்து நெடுநாள் கழித்து, 1957-ல், உட்னூரில் ஆல்ச்சின் என்ற அறிஞர் ஒரு மேட்டை வெட்டிப் பார்த்தார். சாணத்திலே மாட்டுக் குளம்பின் தடம் பதிந்தபடியே இருந்தது. நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய பட்டி! வாலி விடுதலையானான்.

பல்லாரிக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் குப்கல் என்ற குன்று. அங்கே கற்கோடரி செய்யும் பட்டறையையே பூட் கண்டார். உடைத்துப் போட்ட துண்டுகள், பாதி வேலையோடு தூக்கி எறிந்தவை, தேய்த்துப் பளபளப்பாக்கியவை. தொழிற்சாலை என்றே சொல்லலாம். பழுதான சரக்கைத் தனியே ஒதுக்கிவைக்கும் வழக்கம் ஒரகடத்தில் மட்டுமா என்று தோழரைக் கேட்டோம். சிரித்தார். அந்தக் குன்றையும் நம் காலத்தில் கல்லுடைப்பவர்கள் வெடிவைத்துப் பாதி தின்றுவிட்டார்கள் என்றதும் சிரிப்பு நின்றது.

பில்லசுர்க்கம் குகைகளில் மகனையும் கூட வைத்துக்கொண்டு தோண்டியது, 1891-ல் ஓய்வுபெற்ற பின் பரோடாவிலும் மைசூரிலும் பணியாற்றியது எல்லாம் விரித்தால் பெருகும். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். சென்னையில் தினவர்த்தமானி என்ற தமிழ் இதழை நடத்தியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். பாதிரியாக வந்தவர் அவர். பாதிரிகளின் ஆறாயிரம் ஆண்டுக் கணக்கைக் கல்லால் அடித்த மருமகன் இவர். அந்த வீட்டில் உணவு மேசையில் என்ன பேச்சு நடந்திருக்கும்!

முதுமையில் பூட் ஏற்காட்டில் தங்கினார். நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் நாற்பதாண்டு பொறுக்கிய கற்களையும் ஓடுகளையும் கட்டிக் கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்பவில்லை. 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விலைக்குக் கொடுத்தார். இனாமாகக் கொடுத்தார் என்று மேடைக்காகக் கூட்டிச் சொல்லமாட்டோம். ஆனால் இங்கேயே கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எங்கே கிடைத்தது என்று எழுதிவைத்த பட்டியல், 1912 டிசம்பரில் அவர் கல்கத்தாவில் இறந்த பிறகு, 1914-ல் அச்சாயிற்று. விளக்கக் குறிப்புகள் 1916-ல் வந்தன. அவர் உடலை எரித்த சாம்பல் ஏற்காட்டுத் திருச்சபை வளாகத்தில் இருக்கிறது.

பல்லாவரத்தில் அந்தப் பள்ளத்தைத் தேடி நாமும் ஒருமுறை அலைந்தோம். வீடுகள், கடைகள், மெத்தைக் கட்டடங்கள். சரளை எல்லாம் சாலைக்கும் அடித்தளத்துக்கும் போயிற்று. அதிலே எத்தனை கோடரி போயிற்றோ! எழும்பூருக்குப் போனால் எஞ்சியதைப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கற்கள் இருக்கின்றன.

படிப்பகத்துக்கு நேரமாயிற்று. தோழர் தேநீருக்குக் காசு கொடுக்க நம்மை விடவில்லை. அடுத்த விடுமுறைக்கு மீண்டும் பல்லாரி போகிறார்களாம். குப்கலுக்கு எப்படித் திரும்புவது என்று கேட்டார். முந்தின நாள் கூட்டத்துத் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் நமக்குத் தெரிந்த வழியைக் கோடு கிழித்துக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை உதைத்தார்.