நாற்பத்திரண்டு வயதில் திறந்த கதவு

திறமை இருந்தும் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் உலகில் பலர். மனமொடிந்து திரும்பிப் போனவர்கள் அவர்களுள் மிகப் பலர். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசலுக்கு வெளியே நின்றும், தம் கலை தேய்ந்துவிடாமல் காத்து, கதவு திறந்த அன்று தலை நிமிர்ந்து நுழைந்தவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்க பேஸ்பால் வீரர் சாட்செல் பேஜ்.

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை எறிபவரைப் 'பிட்சர்' என்பர். சிறு மேடொன்றில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவில் தரையில் பதித்துள்ள 17 அங்குல அகலத் தட்டுக்கு மேலாக அவர் பந்தை விரைவாகவும் குறி தவறாமலும் எறிய வேண்டும். இதனால் தோளும் முழங்கையும் விரைவில் தேய்ந்துபோகும். நாற்பது வயதுக்குப் பின்னும் இப்பணியில் நிலைத்தவர்கள் அரியர்.

லீராய் ராபர்ட் பேஜ் 1906ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் பிறந்தார். தந்தை தோட்ட வேலை செய்தவர். தாய் துணி வெளுத்துக் குடும்பம் காத்தவர். வீட்டில் பிள்ளைகள் பலர். வறுமையோ அதனினும் பெரிது. சிறுவன் லீராய் இரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்து காசு சேர்த்தான். பை எனப் பொருள்படும் 'சாட்செல்' என்ற பெயர் அதனால்தான் வந்தது என்பர்.

பள்ளிக்குச் செல்லாமல் திரிந்ததும், சிறு திருட்டும் சேர்ந்து, 1918இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனை மவுண்ட் மெய்க்ஸ் சீர்திருத்தப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தன. அலபாமாவின் கறுப்பின மகளிர் சங்கங்கள் அரும்பாடுபட்டுத் தொடங்கிய பள்ளி அது. அங்கே ஐந்தாண்டுகளுக்கு மேல் இருந்த அவனுக்குப் பந்தெறியும் கலை முறையாகக் கிடைத்தது. கெட்டழிய இருந்த வாழ்வு திசை திரும்பியது.

1926இல் சட்டனூகா நகர அணியில் சேர்ந்து அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். அடுத்த ஆண்டே பர்மிங்காம் அணி அவரை அழைத்துக்கொண்டது. 1930களில் பிட்ஸ்பர்க் குரோஃபர்ட்ஸ் அணியில் அவர் புகழ் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் அந்தோ! இவை யாவும் கறுப்பினத்தவர் தமக்கெனத் தனியே நடத்திய நீக்ரோ லீக் அணிகள். வெள்ளையர் ஆடிய மேஜர் லீக் போட்டிகளில் கறுப்பருக்கு இடமில்லை. அப்படி ஒரு சட்டம் எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்த வழக்கமோ சட்டத்தைவிட வலிதாக இருந்தது. 1934இல், மேஜர் லீக்கில் முப்பது வெற்றிகள் கண்ட டிஸ்ஸி டீனுக்கு எதிராகக் காட்சிப் போட்டிகளில் அவர் பந்தெறிந்தார். ஆட்டம் முடிந்ததும் டீன் தம் லீக்குக்குத் திரும்பினார். பேஜ் மீண்டும் ஊர் ஊராக அலையும் வாழ்வுக்குத் திரும்பினார்.

1938இல் மெக்சிகோவில் ஆடியபோது பேரிடி விழுந்தது. எறியும் கையைத் தூக்க முடியாத அளவுக்கு வலி. இனி இவர் ஆட முடியாது என்றே பலரும் முடிவு கட்டினர். அந்நிலையில் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியின் உரிமையாளர் வில்கின்சன் மட்டும் அவரைத் தம் இரண்டாம் நிலை அணியில் சேர்த்துக்கொண்டார். சிற்றூர்களில் மெதுவாகப் பந்தெறிந்து வந்த பேஜின் கை, 1939இல் பழைய வலிமையைப் பெற்றது. 1942இல் நீக்ரோ லீக் உலகத் தொடரில் அவர் அணியே வாகை சூடியது.

1945இல் மேஜர் லீக் நிறுவனம் ஒன்று கறுப்பின வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அவர் பேஜ் அல்லர். மொனார்க்ஸ் அணியில் அவருடன் ஆடிய இளைஞர் ஜாக்கி ராபின்சன். முதல் அழைப்பு தமக்கு வராதது பேஜின் நெஞ்சைச் சுட்டது. ஆயினும் அவர் பந்தைக் கீழே வைக்கவில்லை.

1948 ஜூலை 7. அவருடைய நாற்பத்திரண்டாம் பிறந்த நாள். அன்று கிளீவ்லாந்து இண்டியன்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. கூட்டம் சேர்க்கும் வித்தை என்று சிலர் ஏளனம் செய்தனர். அவரோ ஆறு ஆட்டங்களில் வென்று, ஒன்றில் மட்டுமே தோற்றார். ஆகஸ்டில் அவர் பந்தெறிந்த ஓர் இரவு ஆட்டத்தைக் காண 78,000 பேருக்கு மேல் திரண்டனர். கிளீவ்லாந்து அவ்வாண்டு உலகத் தொடரை வென்றது. அத்தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே.

மறு ஆண்டின் முடிவில் கிளீவ்லாந்து அவரைக் கைவிட்டது. 1951இல் செயிண்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி அழைத்தது. 1952, 1953 ஆண்டுகளில் சிறந்த ஆட்டக்காரர் அணியிலும் இடம்பெற்றார். 1965 செப்டம்பரில், ஐம்பத்தொன்பதாம் வயதில், கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணிக்காக மூன்று இன்னிங்ஸ் பந்தெறிந்தார். எதிரணியால் ஓர் ஓட்டமும் எடுக்க முடியவில்லை!

ஆனாலும் இழந்த காலத்தின் சுமை குறையவில்லை. மேஜர் லீக்கில் ஆடிய நாட்கள் குறைவு என்பதால் ஓய்வூதியமும் கிட்டவில்லை. 1968இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி, குறைந்த நாட்களை நிரப்புவதற்கென்றே அவரைப் பணியில் அமர்த்தியது. 1971இல் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானபோது, நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தனிப் பகுதி என்றனர். மரியாதை செய்யும்போதும் பிரிவினையா என எதிர்ப்பு எழுந்தது. பின்னரே சமமான இடம் தரப்பட்டது. 1982 ஜூன் 8இல் அவர் மறைந்தார். நீக்ரோ லீக் கணக்குகள் மேஜர் லீக் பதிவேட்டில் சேர்ந்தது 2024இல்தான். அதைக் காண அவர் இல்லை.

தோழியரே, பொறுமைக்குப் பரிசு கிடைத்த கதை என்று மட்டும் இதைக் கொள்ளலாகாது. அவருடைய கையின் சிறந்த ஆண்டுகளை எந்த விருதும் திருப்பித் தரவில்லை. கதவு மூடியிருக்கும்போது நம் திறனை மழுங்கவிடாமல் காப்போம். கதவைத் திறக்கும் உரிமை நம் கைக்கு வரும் நாளிலோ, வெளியே நிற்பவருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்பதை மறவாதிருப்போம்.