அதிகாரத்தைப் பாகம் பிரித்தவர்

அமெரிக்க ஜனாதிபதிக்கு எவ்வளவோ அதிகாரம் உண்டு. தரைப்படை, கப்பல் படை எல்லாவற்றுக்கும் அவரே தலைமைத் தளபதி. ஆனால், பதவியில் இருக்கும்போது தம் சம்பளத்தில் ஒரு டாலர்கூட அவர் கூட்டிக்கொள்ள முடியாது. கஜானாவிலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால் காங்கிரஸ் சட்டம் செய்ய வேண்டும். (அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, நாட்டின் சட்டசபை.) சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு நீதிபதியை நியமிக்க வேண்டுமானால் செனட் சபை சம்மதிக்க வேண்டும்.

இப்படி அதிகாரத்தை ஒரே கையில் கொடுக்காமல் பாகம் பிரித்து வைத்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் மாடிசன். அமெரிக்க அரசியல் சட்டத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

நோஞ்சான் பிள்ளை

மாடிசன் 1751-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். தகப்பனார் பெரிய நிலச்சுவான்தார். மாண்ட்பெலியர் என்பது அவர்களுடைய தோட்டத்தின் பெயர். அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள்.

பிள்ளை நோஞ்சான். வளர்ந்த பிறகும் உயரம் சுமார் 5 அடி 4 அங்குலம். எடை 100 ராத்தல்தான். குரலும் மெல்லியது. ஆனால் படிப்பில் சூரர். பிரின்ஸ்டன் கல்லூரியில் இரண்டே ஆண்டில் பாடங்களை முடித்து, 1771-ல் பட்டம் பெற்றார்.

காசில்லாத சர்க்கார்

1776-ல் 13 ராஜ்யங்கள் இங்கிலாந்திடமிருந்து விடுதலைப் பிரகடனம் செய்தன. 1780-ல் மாடிசன் காங்கிரஸ் சபையில் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 29.

அங்கே அவர் கண்டது என்ன? சபை இருந்தது, சக்தி இல்லை. வரி போடும் உரிமை அதற்குக் கிடையாது. பணம் அனுப்புங்கள் என்று ராஜ்யங்களிடம் கேட்கலாம். அவை அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1783-ல் சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் பிலடெல்பியாவில் சபையைச் சூழ்ந்துகொண்டார்கள். உறுப்பினர்கள் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று!

1786-ல் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் கடனும் வரியும் தாங்காமல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கோர்ட்டுகளை நடக்க விடாமல் தடுத்தார்கள். மத்திய சர்க்கார் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

அதிகாரம் மிகுந்த அரசனிடமிருந்து தப்பி வந்த நாடு, அதிகாரமே இல்லாத சர்க்காரால் தவித்தது. இரண்டுக்கும் நடுவே வழி உண்டா? மாடிசன் புத்தகங்களில் தேடினார். பாரிசில் இருந்த நண்பர் ஜெபர்சன் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பினார். பழைய கிரேக்க நாட்டுக் கூட்டாட்சிகள் ஏன் அழிந்தன என்று மாடிசன் குறிப்பெடுத்தார்.

மூடிய கதவுக்குள்

1787 மே மாதம் பிலடெல்பியாவில் மகாநாடு கூடியது. ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை வகித்தார். 12 ராஜ்யங்களிலிருந்து 55 பேர் கலந்துகொண்டார்கள். ரோட் ஐலண்டு மட்டும் ஆள் அனுப்பவில்லை. பேச்சு வெளியே போகாதபடி கதவுகளை மூடிவிட்டார்கள். நல்ல கோடை!

நான்கு மாதம் மகாநாடு நடந்தது. மாடிசன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. முன்னால் உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் குறித்துக்கொண்டார்.

அவர் தயாரித்த திட்டமே விவாதத்துக்கு அடிப்படை. ஆனால் ஒரு முக்கிய விஷயத்தில் அவர் தோற்றார். இரண்டு சபைகளிலும் ஜனத்தொகைப்படி இடம் கொடுக்க வேண்டும் என்றார் அவர். அப்படியானால் பெரிய ராஜ்யங்கள் எங்களை விழுங்கிவிடும் என்று சிறிய ராஜ்யங்கள் எதிர்த்தன. மகாநாடு கலைந்துவிடும் போலிருந்தது. கடைசியில் ஜூலை 16-ந் தேதி சமரசம் ஏற்பட்டது. பிரதிநிதிகள் சபையில் ஜனத்தொகைப்படி இடம். செனட் சபையில் எல்லா ராஜ்யங்களுக்கும் சரிசமம். 5 ராஜ்யங்கள் ஆதரவு, 4 எதிர்ப்பு. ஒரே ஓட்டில் நாடு பிழைத்தது!

அதன் பலன் இன்றும் இருக்கிறது. 2020 கணக்குப்படி கலிபோர்னியாவில் சுமார் 3 கோடியே 95 லட்சம் பேர். வயோமிங்கில் 6 லட்சம் பேர்கூட இல்லை. ஆனால் செனட்டில் இரண்டுக்கும் தலா 2 இடம்தான்.

மூன்று பங்காளிகள்

சட்டம் செய்வது காங்கிரஸ். அதை நிறைவேற்றுவது ஜனாதிபதி. அதற்குப் பொருள் சொல்வது கோர்ட்டு. இதுதான் பாகப்பிரிவினை.

ஆனால் பங்காளிகளுக்கு நடுவே சுவர் எழுப்பவில்லை. ஒருவர் வேலையில் இன்னொருவருக்கும் கொஞ்சம் கை உண்டு. காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி தள்ளிவிடலாம். காங்கிரஸின் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுடன் அதை மறுபடி நிறைவேற்றலாம். ஜனாதிபதி தவறு செய்தால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும்.

ஏன் இவ்வளவு சிக்கல்? எப்போதும் நல்லவரே பதவிக்கு வருவார் என்று நம்பி ஆட்சி அமைக்கக்கூடாது என்பது மாடிசன் கருத்து. பதவியில் இருப்பவருக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். அதை இன்னொரு பதவியில் இருப்பவரின் ஆசை தடுத்து நிறுத்தட்டும் என்றார்.

போர், நாணயம், தபால், வெளிநாட்டு உடன்படிக்கை ஆகியவை மத்திய சர்க்காருக்கு. பள்ளிக்கூடம், உள்ளூர்ப் போலீஸ், கல்யாணச் சட்டம் போன்றவை ராஜ்யங்களுக்கு.

ஓட்டு யாருக்கு?

பொதுமக்கள் நேராக ஓட்டுப் போட்டது பிரதிநிதிகள் சபைக்கு மட்டுமே. செனட் உறுப்பினர்களை ராஜ்யச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்தன. 1913-ல்தான் அது மாறியது.

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்றும் தேர்வாளர்களே. மொத்தம் 538 பேர். 270 கிடைத்தால் வெற்றி. அதனால் நாடு முழுவதும் குறைந்த ஓட்டு வாங்கியவரும் ஜனாதிபதி ஆகலாம். 2000-லும் 2016-லும் அப்படி நடந்தது.

அந்தக் காலத்தில் ஓட்டுரிமை பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்களுக்கே இருந்தது. நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாது என்று 1870-லும், பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று 1920-லும் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது.

தமக்கும் கடிவாளம்

குடிமக்களின் உரிமைகளைப் பட்டியல் போட வேண்டியதில்லை என்று முதலில் நினைத்தார் மாடிசன். மக்கள் வற்புறுத்தவே மனம் மாறினார். 1789-ல் அவரே திருத்தங்களைக் கொண்டுவந்தார். பேச்சுரிமை, மத உரிமை உள்பட 10 திருத்தங்கள் 1791-ல் சட்டமாயின. அவர் கொண்டுவந்த இன்னொரு திருத்தம், காங்கிரஸ் உறுப்பினர்கள் கூட்டிக்கொள்ளும் சம்பளம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அமலாகும் என்பது. அது நிறைவேறியது 1992-ல்!

1801-ல் மாடிசன் வெளிநாட்டு மந்திரி ஆனார். முந்திய ஜனாதிபதி ஒருவருக்குக் கொடுத்த பதவி உத்தரவை அவர் ஒப்படைக்கவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டம் செல்லாது என்று கோர்ட்டு சொல்லலாம் என்பது 1803-ல் அந்த வழக்கில்தான் நிலைநாட்டப்பட்டது.

1809 முதல் 1817 வரை மாடிசன் ஜனாதிபதி. 1812-ல் இங்கிலாந்தோடு போர் மூண்டது. போர்ப் பிரகடனத்தைத் தாமே செய்யாமல் காங்கிரசிடம் விட்டார். 1814-ல் எதிரிகள் தலைநகரில் புகுந்து ஜனாதிபதி மாளிகைக்கே தீ வைத்தார்கள்.

பதவியின் கடைசி நாட்களில் சாலையும் கால்வாயும் வெட்டப் பணம் ஒதுக்கும் மசோதா வந்தது. சாலைகள் தேவை என்பது அவர் எண்ணமும்தான். ஆனால் அரசியல் சட்டம் அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்று மசோதாவைத் தள்ளிவிட்டுப் போனார்!

தீராத கறை

1836 ஜூன் 28-ந் தேதி மாடிசன் காலமானார். அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்ட 39 பேரில் கடைசியாக இறந்தவர் அவரே. அவர் எழுதிய மகாநாட்டுக் குறிப்புகள் 1840-ல் அச்சாயின.

அடிமை முறை தவறு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தம் அடிமைகளை அவர் விடுதலை செய்யவில்லை. இடங்களைப் பங்கிட ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாகக் கணக்கிட்ட ஏற்பாடும் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது.

அவருக்குக் கடைசி வரை பணிவிடை செய்த அடிமை பால் ஜென்னிங்ஸ். பிற்காலத்தில் தம் விலையைத் தாமே உழைத்து அடைத்து விடுதலை பெற்றார். மாடிசனின் விதவை மனைவி டாலி வறுமையில் வாடியபோது, இந்த ஜென்னிங்ஸ் தம் கைக்காசிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் கொடுத்து உதவினார்.

ஒரே கையில் அதிகாரம் இருந்தால் கொடுமை விளையும் என்று நாட்டுக்குப் போதித்தவர், தம் தோட்டத்தில் நூறு உயிர்களின் மேல் வைத்திருந்த அதிகாரத்தை விடவில்லை. அந்த அதிகாரத்தைப் பறிக்க ஒரு உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. அவர் எழுத உதவிய அதே அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்துதான் அதை ஒழித்தார்கள்.