மோசமான டைரக்டர்னு பேரெடுத்தவர்

எட் வுட். 1924-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் மரைன் படையில் இருந்துவிட்டு ஹாலிவுட் வந்தார். கையில காசு கம்மி, சினிமா வெறி மட்டும் ஏகப்பட்டது.

வேற்றுகிரகவாசிகள் பிணங்களை எழுப்புற 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்துக்குப் பணம் போட்டது ஒரு சர்ச் ஆட்கள். 'டிராகுலா' புகழ் பெலா லுகோசி 1956-லயே இறந்துட்டார்; அவரை வச்சு எடுத்திருந்தது கொஞ்சக் காட்சிகள்தான். வுட் அசரல. மனைவிக்கு முதுகுவலி வைத்தியம் பார்த்தவரைக் கூட்டிட்டு வந்து, அங்கியால முகத்தை மறைச்சு மிச்சத்தை எடுத்தார். படத்துல கல்லறைக் கல்லே ஆடும்!

1978-ல் வாடகை கட்ட முடியாம வீட்டைக் காலி பண்ண வச்ச சில நாள்லயே, 54 வயசுல இறந்தார். 1980-ல் உலகின் மோசமான டைரக்டர்னு பட்டம் கிடைச்சது. 1994-ல் டிம் பர்ட்டன் அவர் கதையையே படமாக்கினார். அதுக்கு 2 ஆஸ்கர். உயிரோட இருந்தப்போ வாடகைக்கே வழியில்லாத மனுஷன்!