கொதிநிலையும் விபுலாநந்த அடிகளும்

விபுலாநந்த அடிகள் என்றதும் மட்டக்களப்பார் நெஞ்சில் யாழ்நூலே முதலில் எழும். நானோ அவரை விஞ்ஞான ஆசிரியராகவே முதற்கண் எண்ணிப் போற்றுகின்றேன்.

1892ஆம் ஆண்டு காரைதீவிலே மயில்வாகனன் என்னும் பெயரோடு தோன்றியவர் அவர். மட்டக்களப்பிற் பயின்று, கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் எய்தினார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தார். அந்நாளில் விஞ்ஞானத்தின் மொழி ஆங்கிலம். நீர் 100 பாகையிற் கொதிக்கும் என்று மாணவன் மனனஞ் செய்யலாம். ஏன் என்பது விளங்காவிடின் அவ்வறிவு ஏட்டுச் சுரைக்காயே.

திரவம் சூடேறச் சூடேற அதன் ஆவியமுக்கம் பெருகுகின்றது. மேலே கவிந்த வளியின் அமுக்கத்துக்கு அது நிகரானவுடன், திரவத்தின் உள்ளிருந்தே ஆவிக் குமிழிகள் எழுகின்றன. அந்த வெப்பநிலையே கொதிநிலை. வளியமுக்கம் குறையின் கொதிநிலையும் தாழும். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடிகள் இமயத்து மாயாவதியிலே 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராக இருந்தார். கடல்மட்டத்தை அடுத்த கல்லடியிலே 100 பாகையிற் கொதிக்கும் நீர், 6,000 அடிக்கு மேற்பட்ட அம்மலையிலே ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். உலை துள்ளினும் அரிசி வேகத் தாமதமாகும். நமது வாவியின் உவர்நீரோ நன்னீரினும் சற்றே மிகுந்த வெப்பத்திற்றான் கொதிக்கும். கரைந்த உப்பு ஆவியமுக்கத்தைக் குறைத்துவிடுகின்றது.

இவற்றையெல்லாம் தமிழிலே சொல்லச் சொற்கள் வேண்டுமல்லவா? 1924இல் துறவு பூண்டபின்னும் அடிகள் இக்கவலையைத் துறக்கவில்லை. 1936இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938இல் கலைச்சொல் நூல் வெளிவந்தது. தமிழ் பழம்பாட்டுக்கே உரியது என்றோர்க்கு, பண்டிதமும் விஞ்ஞானமும் ஒருங்கே கற்ற அவரினும் தக்க மறுமொழி வேறில்லை என்பது என் துணிபு.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனிலே யாழ்நூலை அரங்கேற்றி, மறுமாதமே மறைந்தார். கல்லடி உப்போடையிலே, தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலிலே துயில்கின்றார். இன்று வாவியின் இருகரையிலும் பிள்ளைகள் கொதிநிலை என்ற சொல்லை இயல்பாகவே எழுதுகின்றனர். அச்சொல் ஆங்கிலத்துக்கு ஈடாகுமா என்ற ஐயமே அவர்களுக்கு எழுவதில்லை. அடிகள் விரும்பிய வெற்றி அதுவேயென எனக்குத் தோன்றுகின்றது.