ஜேம்ஸ் ஹார்னெல்

ஜேம்ஸ் ஹார்னெல் (1865 – 1949) பிரித்தானியக் கடல் உயிரியலாளரும், படகுகள், மீன்பிடி முறைகள் ஆகியவற்றை ஆராய்ந்த இனவரைவியலாளரும் ஆவார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளையும் சங்குகளையும் முதன்முதலில் விரிவான அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தியவர்களுள் ஒருவர். 1918 முதல் 1924 வரை சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராகப் பணியாற்றினார்.

தொடக்க காலம்

ஹார்னெல் 1890களில், சேனல் தீவுகளுள் ஒன்றான ஜெர்சியில் ஜோசப் சினெல் என்பவருடன் இணைந்து ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். லிவர்பூல் பேராசிரியரான வில்லியம் ஹெர்ட்மன், இலங்கை முத்துப் படுகைகளை ஆராய 1902ஆம் ஆண்டு தொடக்கத்தில் புறப்பட்டபோது, ஹார்னெல்லைத் தம் உதவியாளராக அழைத்துச் சென்றார். ஹெர்ட்மன் சில மாதங்களில் நாடு திரும்பினார். ஹார்னெல் தங்கியிருந்து ஆய்வைத் தொடர்ந்தார்.

முத்துப் பார்கள் பற்றிய ஆய்வு

இலங்கைப் பக்கத்தில் 1891க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலாக முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அரசுக்குப் பெரும் வருவாய் தந்த தொழில் நின்றுபோனதன் காரணத்தைக் கண்டறிவதே ஆய்வின் நோக்கமாக இருந்தது.

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைக் குளிப்போர் பார் என அழைப்பர். மட்டி போன்ற இருவோட்டு உயிரிகள் தசையாலான காலினால் மணலைத் துளைத்து உள்ளே புதைகின்றன. குழல் போன்ற உறுப்பை மேலே நீட்டி நீரையும் உணவையும் பெறுகின்றன. ஆகவே மணல் அவற்றிற்கு இருப்பிடமும் காப்பும் ஆகும். முத்துச் சிப்பிக்கு இத்திறன் இல்லை. அது நூல் போன்ற இழைகளால் பாறையையோ கல்லையோ பற்றி வாழ்வது. மணல் மேலே படிந்தால் மூச்சடைத்து இறக்கும்.

ஹெர்ட்மனும் ஹார்னெல்லும் சிப்பிகளின் அழிவுக்குப் பல காரணங்களைக் குறிப்பிட்டனர். அவற்றுள் முதன்மையானது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இடம்பெயரும் மணல் ஆகும். பெரிய பார் என்னும் திட்டில் இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் பெருமளவில் தோன்றியும், முதிரும் முன்பே மறைந்தன. அத்திட்டு ஆழ்கடலை நோக்கிய விளிம்பில், அலைகளின் தாக்கத்திற்கு நேராக அமைந்திருப்பதே இதற்குக் காரணம் என அவர்கள் கருதினர். அங்குள்ள இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றவும், மணற்பாங்கான இடங்களில் கற்களைப் பரப்பவும் பரிந்துரைத்தனர். திருக்கை மீன்கள், நட்சத்திர மீன்கள் ஆகியவற்றாலும், நெருக்கத்தாலும் ஏற்படும் இழப்புகளும் பதிவு செய்யப்பட்டன.

மற்றொரு எதிரி, குளிப்போர் சூரன் என அழைத்த சிறு மட்டியினம் ஆகும். இது தன் இழைகளால் மணலையும் சேற்றையும் பின்னிப் பாய்போல் விரிந்து, முத்துச் சிப்பிகளை மூடிவிடும்.

முத்து உருவாவதற்கு நாடாப்புழுவின் இளவுயிரியே கருவாக அமைகிறது என்ற கருத்தையும் இவ்விருவரும் முன்வைத்தனர். பின்வந்த ஆய்வாளர்கள் இதனை ஏற்கவில்லை.

1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. இதனால் ஊக்கமடைந்த ஆங்கிலேய நிறுவனம் ஒன்று, 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆனால் 1907க்குப் பின் சிப்பிகள் மீண்டும் மறைந்தன, நிறுவனம் கலைக்கப்பட்டது. அறிவியல் காரணங்களை விளக்க முடிந்ததே அன்றி, கடலடி மணலின் போக்கைக் கட்டுப்படுத்த இயலவில்லை.

சென்னை மாகாணத்தில்

1908 அளவில் ஹார்னெல் சென்னை அரசின் பணியில் சேர்ந்து, முத்து, சங்குக் குளிப்புகளின் பொறுப்பை ஏற்றார். தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம் ஆகிய பகுதிகள் இவரது பணிக்களமாயின. இவற்றுள் பின்னிரண்டும் 1910 வரை மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

சங்கு பற்றிய இவரது நூல் 1914இல் வெளிவந்தது. சங்கு மென்மணலில் பகுதியாகப் புதைந்து வாழ்வதையும், மணலில் குழாய் அமைத்து வாழும் புழுக்களை உண்பதையும் இவர் விளக்கினார். சங்கு மிகுந்த இடத்தைக் குளிப்போர் பூச்சி மணல் என அழைத்தனர். தலைமுறைகளாக வந்த அவர்களின் அறிவு, சங்கின் உணவு பற்றிய இந்த அறிவியல் முடிவுடன் பொருந்துவது குறிப்பிடத்தக்கது. ஆட்டுக்கொம்பு வடிவிலான சங்கின் முட்டைக் கூட்டையும் இவர் ஆராய்ந்தார். இக்கூடு சங்குப்பூ எனப்படும். இதன் அடிப்பகுதி மணலில் ஊன்றி நிற்கும்.

பாண்டியரின் தலைநகரான மதுரையைப் பாடும் மதுரைக்காஞ்சியில், கொற்கையின் முத்துக்குளிப்போரும் சங்கறுப்போரும் குறிக்கப்படுவதை ஹார்னெல் தம் நூலில் சான்றாகக் கொண்டார். கொற்கையில் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளைத் தாமே கண்டெடுத்து, இலக்கியச் செய்தியை உறுதிப்படுத்தினார்.

உண்ணத்தக்க மெல்லுடலிகள் பற்றிய இவரது அறிக்கை 1917இல் வெளிவந்தது. மலபார்க் கரையின் மத்தி மீன் பற்றியும் ஆராய்ந்தார்.

படகியல் ஆய்வு

இந்தியப் படகுகளின் அமைப்பும் தோற்றமும் குறித்த இவரது நூல் 1920இல் வெளியானது. தென்னிந்தியப் படகுகளில் காணப்படும் பக்க மிதவை அமைப்பு, பொலினீசியத் தொடர்பால் வந்தது என்று இவர் கருதினார். இக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியதாக உள்ளது.

1924இல் ஓய்வு பெற்றபின் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற செயிண்ட் ஜார்ஜ் ஆய்வுப் பயணத்தில் பங்கேற்றார். ஏ. சி. ஹேடனுடன் இணைந்து எழுதிய ஓசியானியப் படகுகள் பற்றிய நூல் 1936–1938 காலப்பகுதியில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றம் பற்றிய நூல் 1946இல் வெளியானது. 1949இல் காலமானார்.

தாக்கம்

மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன் பின் நடைபெறவில்லை. 1960களில் மூழ்குகருவிகளுடன் பார்களை நேரில் ஆராய்ந்த இந்திய அறிவியலாளர்களும் மணற்படிவு, சூரன் ஆகியவற்றின் பங்கைக் கருத்திற்கொண்டனர். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். வளர்ப்பு முறையில் சிப்பிகள் கூடுகளில் இடப்பட்டு, கடலடி மணலுக்கு எட்டாமல் நீரில் தொங்கவிடப்படுகின்றன.