கணக்குக் கேட்ட கவர்னர்

கொடைக்கானல் என்றதும் நமக்கெல்லாம் ஏரியும் படகும்தான் ஞாபகம் வரும். ஏரி வந்தது 1863-ல். அதற்கும் 42 வருஷம் முன்பே, 1821-ல், லெப்டினென்ட் வார்டு என்பவர் வெள்ளகெவி வழியாக மேலே ஏறி, பழனி மலைகளை அளந்து அறிக்கை எழுதினார். ரோடு கிடையாது, பஸ் கிடையாது. அப்போது சென்னை மாகாணத்துக்குக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ. அவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மன்றோ 1761 மே 27-ல் ஸ்காட்லாந்து நாட்டு கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா வியாபாரி. அமெரிக்க விடுதலைப் போரில் அந்த வியாபாரம் நொடித்துப் போச்சு. மகன் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780-ல் சென்னைக்கு வந்து இறங்கினார். வயது பதினெட்டு. நம்ம வயசுதான்! சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்.

ஹைதர் அலியோடு நடந்த சண்டைக்குப் போனார். 1792 முதல் 1799 வரை பாராமகாலில், அதாவது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம், கேப்டன் ரீடிடம் உதவியாளராக இருந்தார். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்தார்கள். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழுகிறவனிடமே நேராக வரி பேசும் ரயத்துவாரி முறை அங்கேதான் வளர்ந்தது. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கிற பட்டாவுக்கு வேர் அதுதான். ஆனால் வரிப்பணம் கம்பெனிக்குத்தான் போனது, பாரமும் அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

1820-ல் கவர்னர் ஆனார். 1822 ஜூன் மாதம் எல்லா கலெக்டருக்கும் உத்தரவு போட்டார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம்? யார் படிக்கிறார்கள்? என்ன சாதி? ஆண் எத்தனை, பெண் எத்தனை? நம்ம மதுரை ஜில்லாவிலிருந்தும் பதில் போனது. மொத்தக் கணக்கில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்கள் சுமார் 4,500 பேர்தான். மாகாண ஜனத்தொகையோ 1 கோடி 28 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய 68 பேருக்கு ஒருவர்!

இதைப் பார்த்து 1826-ல், தாலுகா தோறும் அரசுப் பள்ளி வைக்கத் திட்டம் தந்தார். மறு வருஷம் ஊர் திரும்ப வேண்டியவர், கடைசிச் சுற்றுப்பயணத்தில், கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் 1827 ஜூலை 6 அன்று காலராவில் இறந்து போனார். திட்டமும் நொண்டி நொண்டி நடந்து 1836-ல் நின்றது.

ஆனால் கலெக்டர்கள் எழுதிய காகிதம் நின்றது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருந்த அதையெல்லாம் தரம்பால் என்ற அறிஞர் தேடியெடுத்து 1983-ல் புத்தகமாகக் கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குப் பள்ளிக்கூடம் தெரியும் என்ற பேச்சு அதில் ஆட்டம் கண்டது.

எங்க வீட்டில் நான்தான் முதல் படிப்பாளி. தாத்தா பட்டாவில் கைநாட்டு வைத்தவர். அந்த 68-ல் மீதி 67 பேர் கூட்டத்தில்தான் எங்க முன்னோர் நின்றிருப்பார்கள். அவர்கள் பேர் எங்கேயும் இல்லை. ஆனால் அவர்கள் படிக்கவில்லை என்பதாவது எண்ணிக்கையாகத் தெரிகிறதே, அது ஒருத்தர் கேட்டதால்தான், இன்னொருத்தர் எழுதி வைத்ததால்தான்.

நண்பர்களே, அடுத்த தடவை வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து ஃபீல்டு புக்கில் பொய் ரீடிங் போடும்போது இதைக் கொஞ்சம் நினைப்போம். இருநூறு வருஷம் கழித்தும் யாராவது அதைப் பிரித்துப் பார்க்கலாம்!