சிரிக்க வைத்தே படிக்கச் சொன்ன கலைவாணர்



சுங்கை செம்பிலாங் பக்கம் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரையில் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் வந்துவிட்டால் போதும், பாயில் தூங்கிப்போன பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கலைவாணரின் கதையைத்தான் இந்த வாரம் சொல்கிறோம்.

1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-இல், நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. டென்னிஸ் மைதானத்தில் பெரிய மனிதர்கள் அடித்த பந்தைப் பொறுக்கிக் கொடுத்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்கப் போன இடத்தில் நாடக ஆசை பிடித்துக்கொண்டது. டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்து நடிகரானார்.

1936-இல் 'சதி லீலாவதி' படத்தில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். தம் சிரிப்புக் காட்சிகளைத் தாமே, தம் குழுவை வைத்துக்கொண்டு தயாரித்தார். லண்டனில் வறுமையில் வளர்ந்து அமெரிக்கப் படவுலகை ஆண்ட சார்லி சாப்ளினோடு இவரை ஒப்பிட்டார்கள். இருவருமே பசியைப் பார்த்தவர்கள். அதனால்தான் ஏழையைக் கேலி செய்யாமல், ஏழையோடு சேர்ந்து சிரித்தார்கள்.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-இல் ஆயுள் தண்டனை! மதுரம் அம்மாள் மனம் தளரவில்லை. ஒரு பக்கம் வழக்கு, இன்னொரு பக்கம் நாடகக் கம்பெனி, இரண்டையும் தாங்கி நின்றார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை உயர்நீதிமன்றத்துக்கே வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

வெளியே வந்தபின் பாகவதருக்குப் பழைய கூட்டம் திரும்பவில்லை. கிருஷ்ணனோ மறுபடி எழுந்தார். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவருடைய கிந்தனார் கதாகாலட்சேபம் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தன். படிக்க ஆசைப்பட்டதற்கு உள்ளூர் வாத்தியாரிடம் அடி வாங்குகிறான். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பி வருகிறான். வயிறு குலுங்கச் சிரிக்கலாம், சிரித்து முடித்ததும் நெஞ்சு கனத்துப் போகும்.

சம்பாதித்ததை எல்லாம் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். 1957 ஆகஸ்ட் 30-இல், ஐம்பது வயது முடியுமுன்னே கண்மூடியபோது சொத்து என்று பெரிதாக மிஞ்சவில்லை. 1969-இல் சென்னையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

ஆனால் அவர் நமக்கென்று வைத்துவிட்டுப் போனது கிந்தனைத்தான். நாலாம் வகுப்போடு நின்றவர் ஊருக்கெல்லாம் படிப்பைச் சொன்னார். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கைகளுக்கு அதன் அருமை தெரியும். நம் வீட்டுக் கிந்தன் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறானா, புத்தகத்தைத் திறக்கிறானா என்று இன்று ராத்திரியே கேட்டுப் பார்ப்போமே!